நியூரோபிளாஸ்டோமா ஆய்வில் முதல் ஆண்டு: எதை எப்போது தொடங்குவது, எங்கே மாட்டிக்கொள்ளாமல் இருப்பது

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கு எட்டு மாதம் வீணாய்ப் போனது. சோதனை செய்யத் தெரியாமல் இல்லை. எந்த வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கையில் இருக்கும் செல் உண்மையில் எந்தச் செல் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறீர்கள் என்றால், அந்த எட்டு மாதத்தில் ஆறு மாதத்தையாவது உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரலாம் என்றுதான் எழுதுகிறேன்.

நியூரோபிளாஸ்டோமா குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய். கருவில் நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து கிளம்பும் செல்களில் ஒரு பிரிவு, பரிவு நரம்பு மண்டலமாகவும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியாகவும் முதிர வேண்டும். பாதி வழியில் முதிராமல் நின்று, பெருகுவதை மட்டும் விடாமல் செய்தால் இந்தக் கட்டி. அதனால் 'இது ஏன் புற்றுநோயாகிறது' என்று கேட்டாலும் 'இது ஏன் நரம்பாகவில்லை' என்று கேட்டாலும் இங்கே ஏறக்குறைய ஒரே கேள்விதான். மூளைக்கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா என்று வேறு பக்கம் போகிறவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. செல்லைத் தொடும் முன் ஒரு மாதம் கணினியில் உட்காருங்கள்

செலவே இல்லாத கட்டம் இது ஒன்றுதான். ஆர்2 என்ற இணையத் தளத்தில் நியூரோபிளாஸ்டோமா கட்டிகளின் மரபணு வெளிப்பாட்டுத் தரவு நிறைய இருக்கிறது. டெப்மேப்பில், ஒரு மரபணுவை நீக்கினால் எந்தெந்தப் புற்றுநோய்ச் செல் லைன்கள் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகைகள்) தடுமாறுகின்றன என்று பார்க்கலாம். இரண்டுமே இலவசம்.

டெப்மேப்பில் முதலில் ஃபாக்ஸ்2பி (PHOX2B), ஹேண்ட்2 (HAND2) என்ற இரண்டு மரபணுக்களைத் தேடிப் பாருங்கள். இரண்டும் பரிவு நரம்பு உருவாவதற்கு வேண்டியவை. நியூரோபிளாஸ்டோமா செல்களில் பலவும் இவை இல்லாமல் தாக்குப்பிடிப்பதில்லை. மற்றப் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. இந்தப் படம் உங்கள் திரையில் தெரிந்தால் தளத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் உங்கள் மரபணுவைத் தேடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. கட்டிகளில் சுமார் 20 சதவீதத்தில் மிக்-என் (MYCN) என்ற மரபணு பல மடங்கு நகலெடுக்கப்பட்டிருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு நோய் பெரும்பாலும் கடுமையாக இருக்கும். மிக்-என் கூடும்போது தானும் கூடுகிற எந்த மரபணுவை எடுத்தாலும், 'இது அதிகமாக இருந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைவு' என்று வரைபடத்தில் அந்த மரபணு அதிகமுள்ளவர்களின் கோடும் குறைவாக உள்ளவர்களின் கோடும் அழகாகப் பிரிந்து நிற்கும். அதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். மிக்-என் பெருகாத கட்டிகளை மட்டும் தனியே எடுத்து மறுபடி வரையுங்கள். அப்போதும் கோடுகள் பிரிந்து நின்றால் மேலே போகலாம். அதேபோல், கோடுகள் நன்றாகப் பிரியும் வெட்டுப்புள்ளியை, அதாவது 'அதிகம்', 'குறைவு' என்று பிரிக்கும் எல்லையை, மென்பொருளே தேடிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. அதை அழுத்தினால் எதிலிருந்தும் ஏதோ ஒன்று கிடைக்கும். வெட்டுப்புள்ளியை முன்கூட்டியே நீங்களே முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள்.

2. காகித வேலை: முதல் வாரமே

எல்லோரும் கடைசியில் செய்வது இதைத்தான். செய்ய வேண்டியது முதலில். விண்ணப்பம் எங்கோ நகர்ந்துகொண்டிருக்கும்போது நீங்கள் செல் வளர்க்கப் பழகிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் எல்லாம் பழகி முடித்தபின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி: மனிதச் செல்லோ லென்டிவைரஸோ (செல்லுக்குள் மரபணுவை ஏற்றப் பயன்படும் வைரஸ்) இருந்தால் இது கட்டாயம். படிவத்தில் எந்த வைரஸ், அதைத் தயாரிக்க எந்தத் தலைமுறைப் பேக்கேஜிங் அமைப்பு, உள்ளே என்ன மரபணு, கழிவை எப்படி அழிப்பீர்கள் என்று கேட்பார்கள். புற்றுநோயைத் தூண்டும் மரபணுவை வைரஸில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் எழுதுங்கள். பாதியில் மரபணுவை மாற்றினால் திருத்தப் படிவம் ஒன்று போட வேண்டும். அதனால் அடுத்த ஆண்டு தேவைப்படக்கூடிய மரபணுக்களையும் இப்போதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், அதாவது எம்டிஏ: வேறொரு ஆய்வகத்திலிருந்து செல்லோ பிளாஸ்மிடோ (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) வாங்கினால் இது வேண்டும். கையெழுத்திடுவது நீங்களும் இல்லை, உங்கள் பேராசிரியர் மட்டுமும் இல்லை. நிறுவனத்தின் அதிகாரம் பெற்றவர் போட வேண்டும். எனக்கு ஒரு எம்டிஏ முடிய நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் அது ஒருவர் மேசையில் சும்மா கிடந்தது. வாரம் ஒரு முறை மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆட்ஜீன் போன்ற பொது வைப்பகத்தில் அதே பிளாஸ்மிட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயும் எம்டிஏ உண்டு, ஆனால் நடைமுறை வழக்கமாகிவிட்டதால் சீக்கிரம் முடியும்.

நோயாளியின் திசு: நெறிமுறைக் குழு, ஒப்புதல் படிவம், குழந்தை என்பதால் பெற்றோர் சம்மதம். முதல் ஆண்டுத் திட்டத்தை இதை நம்பிப் போடாதீர்கள். எலியும் அப்படித்தான்; அனுமதி, பயிற்சிச் சான்றிதழ், இனப்பெருக்கம் என்று காலம் போய்விடும். இரண்டுக்கும் விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

கட்டுப்படுத்தப்பட்ட தரவு: நோயாளிகளின் மூல டிஎன்ஏ வரிசைத் தரவு டிபிகேப், இஜிஏ போன்ற இடங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். மாணவர் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, குழுத் தலைவர்தான் செய்ய வேண்டும். எந்த நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்தோமோ அதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். டிபிகேப் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் உங்களுக்கு மூலத் தரவுதான் வேண்டுமா என்று யோசியுங்கள். பல கேள்விகளுக்கு, திறந்தே கிடக்கும், மரபணு வாரியான எண்ணிக்கை அட்டவணை போதும்.

3. செல்லை அடையாளம் கேட்காமல் உள்ளே விடாதீர்கள்

என் எட்டு மாதம் போன இடம் இது.

எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் என்று ஒரு செல் லைன். இந்தத் துறையில் பாதிப் பேர் இதில்தான் தொடங்குவார்கள். இதில் மிக்-என் பெருக்கம் கிடையாது. ஆல்க் மரபணுவில் ஒரு பிறழ்வு உண்டு. எங்கள் நைட்ரஜன் தொட்டியில் அந்தப் பெயரைச் சுருக்கி எழுதிய குப்பி ஒன்று இருந்தது. முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. உருக்கினேன், நன்றாக வளர்ந்தது. புரதத்தைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை போட்டபோது மிக்-என் புரதத்தின் பட்டை கன்னங்கரேலென்று வந்தது. பெருக்கமே இல்லாத செல்லில் இவ்வளவு புரதமா! கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். புரதம் சிதையாமல் நிற்க ஏதோ புதிய வழி இருக்க வேண்டும் என்று கருதுகோள் ஒன்றைக் கட்டி, அதன்மேல் சோதனை மேல் சோதனையாக அடுக்கினேன். குழுக் கூட்டத்தில் இரண்டு முறை பேசியும் விட்டேன்.

கடைசியில் வேறு காரணத்துக்காக எஸ்டிஆர் பரிசோதனைக்கு, அதாவது செல்லின் டிஎன்ஏ அடையாளச் சோதனைக்கு, அனுப்பினோம். அறிக்கையில், ஆணா பெண்ணா என்று காட்டும் அமிலோஜெனின் என்ற வரியில் எக்ஸ், ஒய் என்று இருந்தது. எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய் ஒரு சிறுமியிடமிருந்து வந்த செல். ஆண் செல் லைன் வளர்ப்பில் ஒய் குரோமோசோமை இழப்பது சாதாரணமாக நடக்கும். சிறுமியின் செல்லுக்கு ஒய் எங்கிருந்தும் வராது. மற்ற எண்களை ஒப்பிட்டால், அதே தொட்டியில் இருந்த எஸ்கே-என்-பிஇ(2) உடன் பொருந்தியது. அது ஒரு சிறுவனின் செல், மிக்-என் பெருகியது. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் இரண்டு ஃபிளாஸ்க்குக்கும் ஒரே பிப்பெட்டைப் பயன்படுத்தியிருக்கலாம், இல்லை பெயரை மாற்றி எழுதியிருக்கலாம். யார் என்று தேடுவதில் பயனில்லை.

இதைத் தவிர்க்க:

செல் வந்த அன்றே தனி இன்குபேட்டரிலோ குறைந்தபட்சம் தனித் தட்டிலோ வையுங்கள். பெருகியதும் ஒரு பகுதியை எஸ்டிஆருக்கு அனுப்புங்கள். முடிவு ஒன்றிரண்டு வாரத்தில் வரும். செலவு பெரும்பாலும் ஒரு ஆன்டிபாடிக் குப்பியின் விலையைவிடக் குறைவு. முடிவை செல்லோசாரஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 80 சதவீதமும் அதற்கு மேலும் பொருந்தினால் ஒரே மூலம் என்று கொள்வது வழக்கம். அறிக்கையைக் கோப்பில் பத்திரப்படுத்துங்கள், கட்டுரை அனுப்பும்போது பல இதழ்கள் கேட்கும்.

எஸ்டிஆர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய், எஸ்கே-என்-எஸ்ஹெச் என்ற லைனிலிருந்து பிரித்தெடுத்தது. இரண்டும் ஒரே சிறுமியின் செல் என்பதால் இவற்றுக்கிடையே எஸ்டிஆரால் வித்தியாசம் காட்ட முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எஸ்கே-என்-எஸ்ஹெச்சில் நரம்பு போன்ற சிறு செல்களும், தரையோடு தட்டையாய்ப் படிந்த பெரிய செல்களும் கலந்திருக்கும். எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய்யில் பெரும்பாலும் முதல் வகைதான்.

அடுத்தது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. இதற்குச் செல்சுவர் இல்லை, அதனால் மீடியாவில் (செல் வளர்க்கும் திரவம்) வழக்கமாகப் போடும் பெனிசிலின் இதை ஒன்றும் செய்யாது. மீடியா கலங்காது, செல் சாகாது, ஆனால் மரபணு வெளிப்பாடு மாறிப்போகும். மாதம் ஒரு முறை பிசிஆர் செய்யுங்கள். எடுக்க வேண்டியது, செல் நிறைந்த தட்டில் இரண்டு மூன்று நாள் கிடந்த பழைய மீடியா. புது மீடியா மாற்றிய ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசிட்டிவ் வந்தால் மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். அது வேறெங்கும் கிடைக்காத செல் என்றால் ஒழிய, கொன்றுவிட்டுப் புதுக் குப்பியை உருக்குங்கள்.

இரண்டு சோதனையும் தேறிய பிறகு, சோதனைக்காகச் செல்லைப் பிரிப்பதற்கு முன்பே, குறைந்த பாசேஜில் (செல்லைப் பிரித்து மறுபடி வளர்த்த முறைகளின் எண்ணிக்கை) பத்துக் குப்பியாவது உறைய வையுங்கள். ஆக, செல் கையில் வந்து முதல் உண்மையான சோதனை தொடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உங்கள் திட்ட அட்டவணையில் இந்த மாதத்தை எழுதி வையுங்கள். பேராசிரியர் கேட்டால் காட்டலாம்.

இன்னொன்று: எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய்யில் ஒட்டாமல் மிதக்கும் செல்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவை எல்லாம் செத்தவை இல்லை. ஒவ்வொரு முறையும் உறிஞ்சிக் கொட்டினால் நன்றாக ஒட்டுபவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகிறீர்கள். சில மாதத்தில் உங்களிடம் இருப்பது வேறு கூட்டம். மிதப்பவற்றைச் சுழற்றி எடுத்து மறுபடி சேர்த்துவிடுங்கள்.

4. முதல் சோதனை: செல்லை நரம்பாக்கிப் பாருங்கள்

ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தால் இந்தச் செல்கள் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு நீளமாகக் கிளை விடும். இதே குடும்பத்து மருந்தைத்தான் கடும் நோயுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சையின் பின்கட்டத்தில் கொடுக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு வாரத்தில் கண்ணால் பார்க்கலாம். கை பழக இதைவிட நல்ல சோதனை இல்லை.

ரெட்டினாயிக் அமிலத்தை 10 மில்லிமோலார் அளவில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 80இல் வையுங்கள். ஆயிரத்துக்கு ஒன்றாக மீடியாவில் கலந்தால் 10 மைக்ரோமோலார். இதற்கு வெளிச்சம் ஆகாது. ஹூட் விளக்கை அணைத்து, குழாயை அலுமினியத் தாளில் சுற்றி வேலை செய்யுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மருந்தோடு மீடியாவை மாற்றுங்கள். நான்காம் ஐந்தாம் நாளில் கிளைகள் தெரியத் தொடங்கும். ஏழாம் நாளில் செல் உடலைப்போல் இரண்டு மடங்கு நீளத்துக்கு மெல்லிய இழைகள் ஒன்றையொன்று தேடிப் போவதைப் பார்க்கும்போது, உண்மையைச் சொன்னால், மனசு கொஞ்சம் இளகும்.

ஆனால் மீடியாவில் சேர்க்கும் சீரத்தைக் குறைத்தாலே, மருந்து இல்லாமலும், செல்கள் கொஞ்சம் கிளை விடும். அதனால் கட்டுப்பாட்டுத் தட்டில் அதே அளவு சீரமும் அதே அளவு டிஎம்எஸ்ஓவும் இருக்க வேண்டும். சாதாரண மீடியாவில் வளர்ந்த தட்டோடு ஒப்பிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. செல்லை நெருக்கமாக விதைத்தாலும் கிளை தெரியாது. இழையின் நீளத்தை அளப்பவருக்கு எந்தத் தட்டில் எது என்று தெரியக்கூடாது. பக்கத்து மேசைத் தோழியிடம் சொல்லிப் படங்களுக்கு வெறும் எண் போடச் சொல்லுங்கள். என் கையால் நானே அளந்தபோது கிடைத்த வித்தியாசம், எண் போட்டு அளந்தபோது பாதியானது.

5. மரபணுவை நிறுத்துதல்: கிரிஸ்பர் எல்லா இடத்துக்கும் பொருந்தாது

கிரிஸ்பர் என்பது காஸ்9 என்ற கத்தரிக்கு, கைடு ஆர்என்ஏவில் உள்ள 20 எழுத்துகளைக் கொண்டு முகவரி கொடுப்பது. கைடு வடிவமைப்பு ஒரு நாள், வந்து சேர ஒரு வாரம், பிளாஸ்மிடில் ஏற்றி வரிசை சரிபார்க்க இரண்டு வாரம், வைரஸ் தயாரிக்க ஒரு வாரம், பியூரோமைசின் மருந்து கொடுத்து, வைரஸ் ஏறிய செல்களை மட்டும் தேர்ந்தெடுக்க இன்னொரு வாரம். ஒற்றைச் செல்லிலிருந்து குளோன் வளர்ப்பதென்றால் அதற்குமேல் ஒன்றரை மாதம். இதெல்லாம் முதல் முறையே சரியாக வந்தால். என் அனுபவத்தில் இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

மிக்-என் பெருகிய செல்லில் மிக்-என்னையே கிரிஸ்பரால் வெட்டினால் செல் செத்துவிடும். ஆனால் மிக்-என் போனதால்தான் செத்தது என்று சொல்ல முடியாது. அந்த இடத்துக்கு நூறு நகல் இருந்தால் டிஎன்ஏ நூறு இடத்தில் அறுபடுகிறது. அந்தக் காயமே கொன்றுவிடும். பெருகிய பகுதிக்குள் இருக்கும், எதற்கும் உதவாத மரபணுவை வெட்டினாலும் இதே கதிதான். அங்கே ஆர்என்ஏவை மட்டும் குறைக்கும் முறையையோ, வெட்டாமல் மரபணுவை அடக்கும் காஸ்9 வடிவத்தையோ பயன்படுத்துங்கள்.

பி53 என்ற காவல்கார மரபணு எஸ்ஹெச்-எஸ்ஒய்5ஒய்யில் நன்றாக வேலை செய்கிறது. டிஎன்ஏ அறுபட்டாலே அது செல்லின் பெருக்கத்தை நிறுத்தும். எஸ்கே-என்-பிஇ(2)இல் பி53 பழுதானது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே கட்டுப்பாட்டு கைடாக 'எங்குமே வெட்டாத' ஒன்றை வைத்துக்கொண்டால் ஒப்பீடு நியாயமாகாது. ஏஏவிஎஸ்1 போல, வெட்டினாலும் செல்லுக்குப் பாதிப்பில்லாத இடத்தை வெட்டும் கைடைக் கட்டுப்பாடாக வையுங்கள்.

ஒரு மரபணுவுக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி கைடு வேண்டும். முடிந்தால், கைடால் வெட்ட முடியாதபடி மாற்றிய மரபணுவைத் திருப்பிக் கொடுத்து, செல் பழைய நிலைக்கு வருகிறதா என்றும் பாருங்கள். மதிப்பீட்டாளர் எப்படியும் கேட்பார்.

6. ஆர்என்ஏ வரிசைப்படுத்தல், அப்புறம் பணம்

மாதிரிகளை அனுப்பும் முன்பே புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று உயிரியல் மறுசெய்கை வேண்டும். ஒரே தட்டை மூன்றாகப் பிரித்தால் அது மூன்று ஆகாது. மூன்று வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் செய்ததுதான் மூன்று. கட்டுப்பாட்டை எல்லாம் திங்கட்கிழமையும் மருந்து கொடுத்ததை எல்லாம் வியாழக்கிழமையும் பிரித்தெடுத்தால், மருந்தின் விளைவையும் வியாழக்கிழமையின் விளைவையும் எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

முடிவு அட்டவணையை எக்செல்லில் நேரடியாகத் திறக்காதீர்கள். செப்டின் குடும்பத்து மரபணுக்களின் பழைய பெயர்களை அது செப்டம்பர் தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லைக்காகவே 2020இல் அந்தப் பெயர்களை அதிகாரபூர்வமாக மாற்றினார்கள், ஆனால் பழைய தரவில் பழைய பெயர்தான் இருக்கும்.

செலவில் பெரியது வரிசைப்படுத்தல் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது ஒரே முறை வரும் பெரிய தொகை, கண்ணுக்குத் தெரியும், திட்டத்தில் எழுதிவிடுவோம். கண்ணுக்குத் தெரியாமல் கரைப்பவை வேறு: வேலை செய்யாத ஆன்டிபாடிகள், சீரம், உலர் பனியில் வரும் பார்சலுக்கான கூரியர், சுங்கத்தில் நின்றுபோனதால் இரண்டாம் முறை வரவழைத்த செல். ஆன்டிபாடி வாங்கும் முன், அந்தப் புரதத்தை நீக்கிய செல்லில் பட்டை மறைகிறது என்று காட்டிய படம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சிறிய குப்பியாகக் கேளுங்கள். சீரத்தில் ஒரே லாட்டிலிருந்து (ஒரே தயாரிப்புத் தொகுதி) ஓராண்டுக்குத் தேவையானதை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். லாட் மாறினால் ரெட்டினாயிக் அமிலச் சோதனையின் எண்களும் மாறும்.

7. குப்பியில் என்ன எழுதுவது

செல்லின் முழுப் பெயர், பாசேஜ் எண், தேதி, உங்கள் பெயரின் முதல் எழுத்துகள், கடைசி மைக்கோபிளாஸ்மா சோதனையின் தேதி. 'எஸ்ஒய்' என்று சுருக்கி எழுதாதீர்கள், என் குப்பியில் அப்படித்தான் இருந்தது. சாதாரண மார்க்கர் மை எத்தனால் பட்டதும் வழிந்துவிடும். நைட்ரஜனைத் தாங்கும் அச்சிட்ட ஒட்டுத்தாள் வாங்குங்கள். குப்பியை உறைய வைக்கும் முன்பே ஒட்டிவிடுங்கள், உறைந்த பிறகு ஒட்டினால் நிற்காது. அதே விவரங்களைப் பகிரப்பட்ட அட்டவணையிலும் ஏற்றுங்கள், எந்தத் தொட்டி, எந்தப் பெட்டி, எந்தக் குழி என்பதோடு.